பழைய வால்வு சிக்னல் ஜெனரேட்டர், சி.ஆர்.ஓ.: உயிர் கொடுக்கும் வரிசை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய கதவுக்கும் எனாமல் தட்டுக்கும் நடுவே கிடந்த வால்வு சிக்னல் ஜெனரேட்டர் (ரேடியோ சோதிக்க வேண்டிய அலைவரிசையில் சிக்னல் தரும் கருவி) ஒன்றைத் தம்பி ஒருவர் வாங்கிப் போனார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பிளக்கைச் சொருகினார். பைலட் லாம்ப் எரிந்ததாம். கூடவே ஒரு வாடை. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்து, "வாங்குறப்ப நல்லாத்தாண்ணே இருந்துச்சு" என்றார்.

நல்லாத்தான் இருந்திருக்கும். கெட்டுக் கிடந்தது டி.சி.யைச் சீராக்கும் ஒரு ஃபில்டர் கண்டென்சர் மட்டும். அது எந்தக் கடையிலும் கிடைக்கும். அது ஷார்ட் ஆனதால் எரிந்துபோன மெயின் டிரான்ஸ்பார்மர் எங்கும் கிடைக்காது. மோட்டார் வைண்டிங் கடையில் சுற்றித் தருவார்களே என்பார்கள். நாலைந்து செகண்டரி (வோல்ட்டேஜ் வெளிவரும் சுற்று), அதுவும் சி.ஆர்.ஓ.வாக (அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) இருந்து அதில் ஒன்று ஆயிரத்துச் சொச்சம் வோல்ட் என்றால் எந்தக் கடைக்காரரும் கையெடுத்துக் கும்பிடுவார்.

கீழே உள்ள வரிசை முழுக்க அந்த டிரான்ஸ்பார்மரையும், அடுத்து உங்களையும் காப்பாற்றத்தான். உண்மையில் முன்னுரிமை தலைகீழாக இருக்க வேண்டும். சரி, இரண்டுக்கும் வழி ஒன்றுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், டிம்மர்ஸ்டாட் (மெயின் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைப்பது), 230-க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர், சீரிஸ் லாம்ப் போர்டு (கருவிக்குத் தொடரில் ஒரு பல்பு வரும் பலகை), 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மெல்லிய பெயின்ட் பிரஷ். இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் ஒன்றும் வேண்டும். சொந்தமாக வாங்க வேண்டாம், வயரிங் வேலை பார்க்கிறவர்களிடம் இரவல் கிடைக்கும்.

சீரிஸ் லாம்புக்கு இழை பல்புதான் போட வேண்டும். இப்போது வருகிறவர்கள் பாதிப் பேர் எல்.இ.டி. பல்பை மாட்டி வைத்திருக்கிறார்கள். அது உதவாது. 60 வாட் இழை பல்பு குளிர்ந்திருக்கும்போது 60, 70 ஓம்தான் காட்டும். முழுசாக எரியும்போது 880 ஓம் ஆகிவிடும். கருவிக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு எரிந்து கரண்டைத் தானே மட்டுப்படுத்துவது இந்தக் குணத்தால்தான். சிக்னல் ஜெனரேட்டருக்கு 60 வாட் போதும். வால்வு சி.ஆர்.ஓ. நிறையக் கரண்ட் இழுக்கும். அதற்கு 200 வாட்டாவது வேண்டும்.

டிம்மர்ஸ்டாட் இருந்தால் ஷாக் அடிக்காது என்று நினைக்கிறவர்களும் உண்டு. அதில் ஒரே சுற்றுதான். மெயின் லைனோடு நேராகச் சேர்ந்திருக்கும். பிரித்து வைப்பது ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் மட்டுமே.

பழுது நீக்கும் மேனுவல், குறைந்தபட்சம் சர்க்யூட் படமாவது கிடைக்காமல் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். பெரும்பாலான பழைய மாடல்களுக்கு இணையத்தில் ஸ்கேன் பிரதி கிடைக்கிறது.

2. தரையும் எர்த்தும்

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் வேலை செய்ய வளவை ஒட்டிய தாழ்வாரம் அருமையான இடம். வெளிச்சமும் காற்றும் தாராளம். ஆனால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் செய்தது. துடைத்த ஈரத்தோடு வெறுங்காலில் நின்றால் நீங்களே எர்த் ஆகிவிடுவீர்கள். செருப்போடு உள்ளே வர ஆச்சி விடமாட்டார், அதுவும் நியாயம்தான். ரப்பர் பாயைப் போட்டு அதன்மேல் நாற்காலியைப் போடுங்கள்.

அடுத்து சாக்கெட். மூன்று ஓட்டை இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வரும் அதே அளவு, 230 பக்கம், வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட். பாதி வோல்ட்டேஜ் மாதிரி ஏதாவது வந்தால் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் அந்த லைனில் போடச் சொல்லுங்கள்.

ஆனால் ஆர்.சி.சி.பி. இருக்கிற தைரியத்தில் கையை உள்ளே விடாதீர்கள். டிரான்ஸ்பார்மரின் செகண்டரி பக்கம் 300 வோல்ட்டில் நீங்கள் மாட்டினால் அதற்குத் தெரியவே தெரியாது. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பதும் அதற்குத் தெரியாது. ஒரு கை பின்னால், ஒரு கை வேலையில் என்ற பழைய மெக்கானிக் வழக்கம்தான் அங்கே காவல்.

3. வாங்கிய அன்று: பாருங்கள், படமெடுங்கள்

மூடியைக் கழற்றி நாலு பக்கமும் படமெடுங்கள். ஒவ்வொரு டிரிம்மரும் (திருகி அளவைத் திருத்தும் சிறு பாகம்) எந்த நிலையில் இருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். எந்த வால்வு எந்த சாக்கெட்டில் இருந்தது என்று எழுதி வையுங்கள்.

பின்பக்க வோல்ட்டேஜ் செலக்டரைப் பாருங்கள். இங்கிலாந்துக் கருவிகளில் 200 முதல் 250 வரை பல டேப் (வோல்ட்டேஜுக்கு ஏற்ற இணைப்பு முனை) இருக்கும். அமெரிக்கக் கருவி 115 வோல்ட்டாக இருக்கலாம். நேராகச் சொருகினால் கதை அன்றே முடியும். எங்கள் தெருவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் 245 வரை ஏறுவதை அளந்திருக்கிறேன். அதனால் 245 டேப் இருந்தால் நான் அதையே போடுவேன். வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டருக்கு 6.3 வோல்ட் என்பது மெயின் வோல்ட்டேஜோடு கூடவே ஏறும், வால்வின் ஆயுள் அதில்தான் போகிறது.

மெயின் ஒயரை எடுத்து வீசிவிடுங்கள். ரப்பர் உறை தொட்டாலே உதிரும். மூன்று இழை ஒயர் போட்டு, எர்த்தைத் தனி போல்ட்டில் சேஸியோடு (கருவியின் உலோகச் சட்டம்) இறுக்குங்கள், அடியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு. ஃபியூஸும் சுவிட்சும் ஃபேஸ் கம்பியில்தான் வர வேண்டும். ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாள் சுற்றிய ஃபியூஸை ஒரு முறை பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

4. தூசியும் ஈரமும்

செம்மண் தூசி, குளவிக்கூடு, பல்லி முட்டை, இவை மூன்றும் எங்கள் ஊர்ப் பெட்டி எதிலும் இருக்கும். பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் தூரத்திலிருந்து ஊதுங்கள். ட்யூனிங் கண்டென்சரின் தகடுகளுக்குள் பிரஷ்ஷை விட வேண்டாம். தகடு வளைந்தால் டயல் அளவு பொய்யாகும்.

வால்வைத் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். மேலே அச்சிட்ட நம்பர் தூசியோடு சேர்ந்து போய்விடும். அப்புறம் அது என்ன வால்வு என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். சுவிட்ச் வேஃபர்களுக்கு (தொடுமுனைகள் உள்ள தட்டுகள்) வீட்டில் இருக்கும் துரு நீக்கி ஸ்ப்ரே வேண்டாம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், தூசி அதில் ஒட்டும். ஆல்கஹால் அல்லது கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி, பிறகு நாற்பது ஐம்பது முறை சுவிட்சைத் திருப்புங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் கிடைத்த பெட்டி என்றால் ஈரம் உள்ளே இறங்கியிருக்கும். சித்திரை வெயிலில் காயவைப்பதும் தப்பு. மெழுகு உருகும், டயல் வெளுக்கும். கருவியை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, 40 வாட் இழை பல்பைத் தள்ளி வைத்து இரண்டு நாள் விடுங்கள். போன மழைக்கு வந்த ஒன்றில், டிரான்ஸ்பார்மரின் மெயின் பக்கச் சுற்றான பிரைமரிக்கும் சேஸிக்கும் மெக்கர் ஒரு மெகஓம்கூடக் காட்டவில்லை. இரண்டு நாள் பல்புச் சூட்டுக்குப் பிறகு ஐம்பதைத் தாண்டியது. மெக்கர் போடும் முன் மெயின் பக்கத்துச் சிறு கண்டென்சர்களைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் கசிவைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

5. கரண்ட் இல்லாமல் ரெசிஸ்டர் அளப்பது

பழைய கார்பன் ரெசிஸ்டர் வயதானால் மதிப்பு ஏறும். 100 கிலோ ஓம் என்று வளையம் போட்டிருக்கும், 140 காட்டும். ஒவ்வொன்றையும் கழற்றி அளக்கத் தேவையில்லை. சர்க்யூட்டிலேயே அளக்கும்போது பக்கத்து வழிகள் சேர்வதால் அளவு குறைவாக வரலாம். அதை நம்பி ரெசிஸ்டரைக் குறை சொல்ல முடியாது. அதிகமாக வந்தால் சந்தேகமே இல்லை, கெட்டுவிட்டது. கண்டென்சரில் மிச்ச சார்ஜ் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு விதி பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பழைய முள் மல்டிமீட்டரால் அளக்கிறவர்களுக்கு ஒன்று. ஓம் ரேஞ்சில் பலவற்றில் சிவப்பு ஒயர்தான் நெகட்டிவ். நல்ல டையோடைக் கெட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் இதில்தான் ஏமாந்தார்கள். கருவியின் சொந்த மீட்டரை, அந்த 50 மைக்ரோ ஆம்பியர் மூவ்மென்ட்டை, எந்த மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சாலும் சோதிக்க வேண்டாம். முள் போய் முட்டி வளைந்துவிடும்.

6. கண்டென்சர்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். முக்கால்வாசிக் கோளாறு இங்கே, முக்கால்வாசித் தவறும் இங்கேதான்.

மெயின் லைனின் குறுக்கே இருக்கும் கண்டென்சரை யோசிக்காமல் மாற்றுங்கள். மஞ்சள் கண்ணாடி மாதிரி உறையில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அது இன்றோ நாளையோ புகைவிடும். அந்த இடத்தில் போடுவது மெயின் லைனுக்கென்றே செய்யப்படும் எக்ஸ்2 வகையாகவே இருக்க வேண்டும், லைனிலிருந்து சேஸிக்குப் போவது ஒய்2 வகை. சாதாரண 630 வோல்ட் கண்டென்சர் அங்கே கூடாது. அது ஷார்ட் ஆகிச் சாகலாம். ஒய் வகை அப்படிச் சாகாமல் இருக்கவே தயாரிக்கப்படுவது.

அடுத்தது மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள். மல்டிமீட்டரில் நன்றாகத்தான் காட்டும், ஏனென்றால் அது ஓரிரு வோல்ட்டில் சோதிக்கிறது. 200 வோல்ட்டில்தான் கசிவு தெரியும். முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து (வெளியீட்டு முனை) அடுத்ததின் கிரிட்டுக்கு (உள்ளீட்டு முனை) போகும் கண்டென்சர் வெறும் 3 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலும், 1 மெகஓம் கிரிட் ரெசிஸ்டரில் 3 வோல்ட் பாசிட்டிவ் ஏறிவிடும். வால்வு தாறுமாறாகக் கரண்ட் இழுத்து, டிரான்ஸ்பார்மர் வரை சூடு போகும். எல்லாவற்றுக்கும் பதில் 630 வோல்ட் பாலியெஸ்டர் போடுங்கள். ஒன்றை மாற்றி, ஒன்றைச் சரிபார்த்து, பிறகு அடுத்தது. ஒரே மூச்சில் பதினைந்தைப் பிடுங்கிவிட்டு எது எங்கே என்று தெரியாமல் வந்து நின்றவர்கள் உண்டு.

மைக்காவையும் செராமிக்கையும் தொடாதீர்கள். அவை அநேகமாக நன்றாகவே இருக்கும். ஆஸிலேட்டர் பகுதியில் அவற்றை மாற்றினால் டயலில் அச்சிட்ட அளவுகள் எல்லாம் நகர்ந்துவிடும்.

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களுக்கு இரண்டு வழி. புதிது போடுவது ஒன்று. பழையதைப் படிப்படியாக வோல்ட்டேஜ் கொடுத்துத் தேற்றுவது மற்றொன்று. என் பழக்கம், மேலே நிற்கும் அலுமினியக் குடுவைகளை மட்டும் தேற்றிப் பார்ப்பது. அடியில் தொங்கும் சின்னவை எல்லாம் புதிது.

தேற்றும் விதம் இது. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை டிம்மர்ஸ்டாட்டால் ஓட்டி, ஒரு 1என்4007 டையோடும் நல்ல 450 வோல்ட் கண்டென்சரும் வைத்தால் 350 வோல்ட் டி.சி. வரை கிடைக்கும். கருவியிலிருந்து இணைப்பைக் கழற்றிய குடுவைக்கு அதை 22 கிலோ ஓம் வழியாகக் கொடுங்கள். 50 வோல்ட்டில் தொடங்குங்கள். மல்டிமீட்டரை ரெசிஸ்டரின் குறுக்கே வையுங்கள். 22 வோல்ட் காட்டினால் 1 மில்லி ஆம்பியர் கசிகிறது. காத்திருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே, அதாவது அரை மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் அடுத்த 50. சில நேரம் பத்து நிமிஷம், சில நேரம் மத்தியானம் முழுக்க. 32 மைக்ரோஃபாரட் குடுவை ஒன்று 200 வோல்ட்டில் நின்றுகொண்டு இறங்கவே மறுத்தது, தொட்டால் வெதுவெதுப்பு. அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதான். கருவிக்குள் அது வேலை செய்யும் வோல்ட்டேஜ் வரை தேறினால் போதும். முடிந்ததும் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் சார்ஜை இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் பட்டென்று ஷார்ட் பண்ண வேண்டாம், நீங்கள் பாடுபட்டுத் தேற்றியது அதிலேயே அடிபடும்.

புதிது போடும்போது, பெரிதாகப் போட்டால் நல்லது என்று 16 இருந்த இடத்தில் 100 மைக்ரோஃபாரட் போடுகிறார்கள். ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு அதைத் தாங்காது. ஈ.இசட்.80 என்ற ரெக்டிஃபையர் வால்வுக்கே 50 மைக்ரோஃபாரட்தான் உச்சம். சர்க்யூட்டில் உள்ள மதிப்பை ஒட்டியே போங்கள்.

செலினியம் ரெக்டிஃபையர் இருந்தால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். கருகினால் வரும் நாற்றம் நச்சு. பதிலுக்கு 1என்4007 போட்டால் வோல்ட்டேஜ் கூடிவிடும், ஏனென்றால் செலினியம் தானே நிறைய வோல்ட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. தொடரில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, மேனுவல் சொல்லும் அளவுக்கு இறக்க வேண்டும்.

7. டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் கரண்ட்

எல்லா வால்வையும் கழற்றுங்கள். ரெக்டிஃபையர் டையோடு என்றால் ஒரு முனையை விடுவியுங்கள். சீரிஸ் லாம்ப் வழியாக முழு 230-ஐக் கொடுங்கள். பல்பு ஏறக்குறைய இருட்டாக இருக்க வேண்டும். சுமையே இல்லாதபோது பல்பு எரிந்தால் சுற்றுக்குள் ஷார்ட். வேலையை அங்கேயே நிறுத்தலாம்.

இருட்டாக இருந்தால் ஹீட்டர் வோல்ட்டேஜை அளங்கள். சுமை இல்லாததால் 6.3-க்குப் பதில் 6.8, 7 வரும், அது சரிதான். அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு மட்டும் இருக்க வேண்டும்.

8. வால்வுகளோடு முதல் முறை

வால்வின் தலையில் வெள்ளிப் பூச்சு மினுமினுத்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அதை மாட்டவே வேண்டாம்.

டிம்மர்ஸ்டாட்டை மெதுவாக ஏற்றினால் எல்லாம் மெதுவாக ஏறும் என்று நினைப்பது இயல்பு. ரெக்டிஃபையர் வால்வு உள்ள கருவியில் அப்படி நடக்காது. பாதிக்கு மேல் போகும் வரை அதன் ஹீட்டர் சூடாகாது, உயர் வோல்ட்டேஜ் பூஜ்யமாகவே இருக்கும். பிறகு ஒரேயடியாக வந்து விழும். அதனால்தான் கண்டென்சர்களை முன்கூட்டியே தனியாகத் தேற்றச் சொன்னேன்.

எல்லா வால்வையும் மாட்டி, சீரிஸ் லாம்போடு போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து, சில விநாடியில் மங்கி, வால்வுகள் சூடானதும் கொஞ்சம் பிரகாசமாகி நிற்கும். மங்காமல் எரிந்தால் உடனே அணையுங்கள். பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடினால் லாம்பை விலக்கி, நேராக.

எழுபதுகளின் கடைசிக்குப் பிறகு வந்த, ஸ்விட்ச் மோட் சப்ளை உள்ள கருவிகளுக்கு இந்த லாம்ப் வித்தை பொருந்தாது. வோல்ட்டேஜ் குறையக் குறைய அது அதிகக் கரண்ட் இழுக்கும். அணைந்து அணைந்து எரிந்து, நல்லதையும் கெடுத்துவிடும்.

9. மேனுவல் சொல்லும் வோல்ட்டேஜ், மீட்டர் காட்டும் வோல்ட்டேஜ்

முதலில் சப்ளை வோல்ட்டேஜ்கள், பிறகுதான் மற்றவை. எல்லாமே அவற்றை நம்பி நிற்கின்றன.

மேனுவலின் அட்டவணையை எந்த மீட்டரால் எடுத்தார்கள் என்று முன்பக்கத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் குழம்புகிறவர்கள் அதிகம். 200 வோல்ட் சப்ளையில் இரண்டு 1 மெகஓம் ரெசிஸ்டர் வரிசையாக இருக்கிறது என்று வையுங்கள். நடுவில் உண்மையில் 100 வோல்ட். இன்றைய 10 மெகஓம் டிஜிட்டல் மீட்டர் 95 காட்டும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள முள் மீட்டர் 250 ரேஞ்சில் 91 காட்டும். வோல்ட்டுக்கு 1,000 ஓம் உள்ள பழசு 33 தான் காட்டும். மேனுவல் 33 என்று எழுதியிருக்க, உங்களுக்கு 95 வந்தால் கோளாறு எதுவும் இல்லை.

10. சி.ஆர்.ஓ.வுக்கு மட்டும்

பல வால்வு சி.ஆர்.ஓ.க்களில் பிக்சர் டியூபின் கேத்தோடு என்ற முனை சேஸிக்குக் கீழே 1,000, 2,000 வோல்ட்டில் தொங்கும். பிரைட்னஸ், ஃபோகஸ் கன்ட்ரோல்களும் அதே வோல்ட்டேஜில். அதனால்தான் அவற்றின் தண்டில் ஃபைபர் இணைப்பு இருக்கும். குமிழ் இல்லாமல், வெறும் தண்டை விரலால் திருப்பாதீர்கள். சாதாரண மல்டிமீட்டரின் எல்லை 1,000 வோல்ட். மேலே அளக்க உயர் வோல்ட்டேஜ் புரோப் வேண்டும்.

பிரைட்னஸைக் குறைத்து வைத்தே ஆரம்பியுங்கள். அசையாமல் நிற்கும் ஒரு புள்ளி சில விநாடியில் திரையைச் சுட்டுவிடும். சுட்ட தழும்பு போகாது.

அளவு சரிபார்க்க, 6.3 வோல்ட் சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்று போதும். திரையில் 17.8 வோல்ட் வரும். "மூணு மடங்கு காட்டுதுண்ணே" என்று டிரிம்மரைத் திருப்பிவிட்டார் ஒருவர். 6.3 என்பது ஆர்.எம்.எஸ்., அதாவது மல்டிமீட்டர் காட்டும் ஏ.சி. அளவு; திரையில் தெரிவது உச்சியிலிருந்து அடி வரை. ஒரு அலைக்கு 20 மில்லிசெகண்ட் வந்தால் டைம்பேஸ் (திரையின் நேர அளவு) சுமாராகச் சரி.

அளக்க வசதியாக இருக்கிறதென்று எர்த் பின்னை உடைத்து சி.ஆர்.ஓ.வைத் தொங்கவிடும் பழக்கம் லேப்களில் உண்டு. சேஸி முழுக்க லைவ் ஆகிவிடும். சோதிக்கும் பொருளைத்தான் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரில் போட வேண்டும்; சி.ஆர்.ஓ. எர்த்தோடுதான் இருக்க வேண்டும்.

11. டிரிம்மரைத் தொடும் நேரம்

அரை மணி நேரம் சூடான பிறகு. அதற்கு முன் எடுத்த எந்த அளவும் நகரும்.

சிக்னல் ஜெனரேட்டருக்கு ஒரு சுலபமான சாட்சி இருக்கிறது: திருச்சி வானொலி, மீடியம் வேவ் 936 கிலோஹெர்ட்ஸ். ரேடியோவில் அதைப் பிடியுங்கள். ஜெனரேட்டரின் மாடுலேஷனை (சிக்னலில் ஏற்றும் ஒலி) அணைத்து, ஒரு துண்டு ஒயரை ரேடியோ பக்கத்தில் போட்டு, 936-ஐ நோக்கித் திருப்புங்கள். விசில் கேட்கும், சுருதி இறங்கிக்கொண்டே போய்க் காணாமல் போகும். அந்த இடத்தில் டயல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 468-இலும் முயலுங்கள், அதன் இரண்டாவது ஹார்மானிக் (இரு மடங்கு அலைவரிசை) 936-இல்தான் விழும். ஐ.எஃப். (ரேடியோவுக்குள் வரும் இடை அலைவரிசை) ரேஞ்சும் அதில் சரிபார்க்கப்பட்டுவிடும்.

பிழை டயல் முழுக்க ஒரே திசையில் சீராக இருந்தால் முள்ளை நகர்த்தினாலே போதும். மேல்முனையில் மட்டும் என்றால் டிரிம்மர், கீழ்முனையில் மட்டும் என்றால் காயில் கோர். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டி வந்தால் நிறுத்துங்கள். வேறு எங்கோ ஒரு பாகம் மாறியிருக்கிறது, அதை டிரிம்மரால் மறைக்கப் பார்க்கிறீர்கள்.

12. ஓடவிட்டுப் பார்ப்பது

மூடியைப் போட்டு இரண்டு மணி நேரம், பக்கத்திலேயே உட்கார்ந்து. திறந்த பெட்டியில் நன்றாக ஓடியது மூடியதும் சூட்டில் மாறலாம். அணைத்த பிறகு டிரான்ஸ்பார்மர் மேல் உள்ளங்கையை ஐந்து விநாடி வைக்க முடிய வேண்டும். மறுநாள் குளிர்ந்த நிலையில் இன்னொரு முறை.

மாற்றிய பாகங்கள், தேதி, சப்ளை வோல்ட்டேஜ்கள், செலக்டர் எந்த டேப்பில் இருக்கிறது, இவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பென்சிலில் எழுதுங்கள். பேனா மை சூட்டில் வெளுத்துவிடுகிறது.